இணைப்பு: பெயர்ப்பட்டியல்

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அப்பா இறந்தபோது நீ ஒரு நாள் பிந்தி வந்ததை நான் சொல்லிக்காட்டுவேன், நீ வெடுக்கென்று போனை வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

உங்கள் இலாகாவின் புதுப் பாடம் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்துவிட்டது. குடிமையியல். பதினொன்றாம் வகுப்புக்குக் கட்டாயம், இதில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது என்று சுற்றறிக்கை. நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு நாற்பத்திரண்டு புத்தகம் அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு புத்தகத்துக்கு மேல் மூன்று தலைகள் முட்டிக்கொள்கின்றன. பாடவேளையை விளையாட்டு வேளையிலிருந்து எடுத்தார்கள், ஆகவே உடற்பயிற்சி ஆசிரியர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "டீச்சர், உங்களுக்குத்தான் பீரியட் கம்மியா இருக்கு, நீங்களே எடுத்துக்குங்க" என்றார் தலைமை ஆசிரியர். இருபத்து நான்கு வருடமாக மலையையும் ஆற்றையும் நடத்திக்கொண்டிருந்தேன். இனிமேல் அரசாங்கத்தையும் நானே நடத்த வேண்டுமாம்.

மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாம் நாள் மின்சாரம் போனது. திரையில் படம் காட்டிக்கொண்டிருந்தவர், "மிச்சத்தை நீங்களே படிச்சுக்குங்க" என்று டீ குடிக்கப் போய்விட்டார். அப்படியே படித்தேன். கடைசி அலகில் ஒரு வாக்கியம்: 'மாணவர்கள் தம் வாழிடத்துப் பொதுப் பிரச்சினை ஒன்றைக் கண்டறிந்து, உரிய அலுவலரிடம் விண்ணப்பித்து, விடை பெறுவர்.' இது நீ எழுதியதுதானே? 'வாழிடம்' என்று எழுதுகிற ஆளை எனக்கு வேறு யாரையும் தெரியாது. விடை பெறுவர் என்றால் பதில் வாங்குவார்களா, கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புவார்களா? அதையாவது தெளிவாக எழுதியிருக்கலாம்.

மாமா நலம். உன் மனைவியையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். அந்த அலகு முழுக்க நான் எழுதியது. குழுவில் ஒன்பது பேர், நான்கு வருடம், இருபத்தாறு கூட்டம். 'பிள்ளைகள் படம் வரைந்து ஒட்டினால் போதாதா' என்று இயக்குநர் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும் நான் எழுந்து நின்றேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும், நான் எழுந்து நிற்கிற ஆள் இல்லை. இதற்கு மட்டும் நின்றேன். கடைசியில் இருபது மதிப்பெண் ஒதுக்கினார்கள்.

நாம் படித்தபோது குடிமகனின் கடமைகள் என்று எட்டு வரி மனப்பாடம் செய்தோம். ஒரு மனுவை எந்த மேசையில் கொடுப்பது என்று எனக்கு முப்பது வயதில் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்தால் என்ன என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

முந்நூறு பள்ளிகளில் எத்தனை பேர் இதை உண்மையாகச் செய்வார்கள் என்று எனக்கே சந்தேகம். நீயாவது செய். ஒரே ஒரு பள்ளி செய்து காட்டினாலும் இயக்குநரின் வாயை அடைத்துவிடுவேன்.

புத்தகம் பற்றாக்குறை தொடர்பாக அச்சகப் பிரிவுக்கு நினைவூட்டல் அனுப்பியுள்ளேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தம்பி


ஜூலை 18

அன்புள்ள தம்பிக்கு,

'தெரிவித்துக்கொள்கிறேன்' என்று அக்காவுக்கு எழுதிய முதல் தம்பி நீயாகத்தான் இருப்பாய்.

செய்தேன். சொல்கிறேன் கேள்.

என் பிரிவில் முப்பத்தெட்டுப் பேர். அதில் ஒரு பெண்ணைக் 'கேள்விக்குறி' என்று கூப்பிடுகிறார்கள். எதைச் சொன்னாலும் 'ஏன் டீச்சர்' என்பாள். புத்தகப் பையின் கனத்தில் முதுகை வளைத்து நடப்பாள், பார்க்கவும் அப்படியேதான் இருக்கும். இன்னொருவன் கோல்கீப்பர். நெட்டையன், படிப்பு ஏறாது, ஆனால் எந்த வேலைக்கும் முதல் ஆளாக வருவான். எந்தப் பிரச்சினையை எடுக்கலாம் என்று கேட்டதும் எல்லோரும் குழாயைக் காட்டினார்கள். பள்ளிக் குழாயில் வருகிற தண்ணீர் டீ நிறம். இத்தனைக்கும் நகராட்சி அலுவலக வாசலில் மாதாமாதம் பலகை வைக்கிறார்கள்: 'குடிநீர் பரிசோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது.'

கோல்கீப்பர் ஏழு தெருக் குழாய்களில் ஏழு பாட்டில் பிடித்து, ஒவ்வொன்றிலும் தெருப் பெயர் எழுதி ஒட்டினான். நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பரிசோதனை அறைக்குப் போனோம். உள்ளே ஓர் உதவியாளர், இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர். பிள்ளைகளைப் பார்த்ததும் அவருக்கு ஏக சந்தோஷம், நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பழைய போர்வையால் மூடிய ஒரு மெஷின் மேசைமேல் இருந்தது.

"அதுலதான் டெஸ்ட் பண்ணுவீங்களா?" என்றாள் கேள்விக்குறி.

"அதுவா? அது கெட்டுப்போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா."

"அப்போ போன மாசம் பாதுகாப்பானதுன்னு சர்டிபிகேட் எப்படி வந்துச்சு?"

"அது மேல இருந்து டைப் அடிச்சு வரும். நான் கையெழுத்து மட்டும் போடுவேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. என் முகத்தைப் பார்த்தார். நான் ஏழு பாட்டிலையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளைகளே மனு எழுதினார்கள். மூன்று தடவை திருத்தினேன். எழுத்துப்பிழையை மட்டும்தான், செய்தியில் கை வைக்கவில்லை. முப்பத்தெட்டுக் கையெழுத்து. நகராட்சி ஆணையருக்குப் போயிருக்கிறது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கேள்விக்குறி அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை.

அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் இரண்டு பேருக்குப் படித்துக் காட்டினேன். நான் எழுதிய ஒரு வாக்கியம் காகிதத்தை விட்டு எழுந்து நடந்து போவதை இந்தப் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை பார்க்கிறேன்.

இதை முன்மாதிரிச் செயல்முறையாக இயக்குநரிடம் வைக்கப்போகிறேன். பிள்ளைகளின் அறிக்கையை முழுதாக அனுப்பு. கூடவே முப்பத்தெட்டுப் பேரின் பெயர், வகுப்பு, பெற்றோர் பெயர், முகவரி. எல்லோருக்கும் இயக்குநரகத்தின் பாராட்டுச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன். சீக்கிரம் அனுப்பு, கோப்பு சூடாக இருக்கும்போதே நகர்த்த வேண்டும்.

தம்பி


ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

அறிக்கையை அனுப்பியிருக்கிறேன். பட்டியலை எழுதி வைத்துவிட்டு நான்கு நாள் யோசித்தேன். நகராட்சியிலிருந்து இன்னும் பதில் இல்லை, ஆனால் தலைமை ஆசிரியருக்கு இரண்டு தடவை போன் வந்திருக்கிறது. அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. தாழ்வாரத்தில் எதிரே வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கேள்விக்குறியின் அப்பா நகராட்சிக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறார், காண்ட்ராக்டர் மூலமாக. நிரந்தர வேலை இல்லை. "அப்பாகிட்ட சொல்லிட்டுத்தானே கையெழுத்துப் போட்டே?" என்று கேட்டேன். "சொன்னேன் டீச்சர். லாரித் தண்ணியும் அதே தண்ணிதான்னு அப்பாவே சொன்னார்" என்றாள்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், பட்டியல் உன் கையை விட்டு வெளியே போகக் கூடாது. சான்றிதழுக்கு மட்டும். நீ கேட்டதால் அனுப்புகிறேன். வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

நீ பதில் எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

போன வாரம் நகராட்சிச் சுகாதார அலுவலர் ஒரு போலீஸ்காரருடன் பள்ளிக்கு வந்தார். தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பெற்றோரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். 'ஆசிரியை சொன்னதால் என் பிள்ளை விவரம் தெரியாமல் கையெழுத்திட்டது' என்று தட்டச்சு செய்த தாள் தயாராக இருந்தது. முப்பத்தொரு பேர் அதில் கையெழுத்துப் போட்டார்கள். கோல்கீப்பரின் அம்மா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், அவனுக்கு அப்பா இல்லை" என்றார். இதில் நான் என்ன தப்பாக எடுத்துக்கொள்ள?

கேள்விக்குறியின் அப்பா போடவில்லை. "என் பொண்ணு பொய் சொல்லலையே சார்" என்றாராம். அவ்வளவுதான் சொன்னார். இருபத்தைந்தாம் தேதி காலையில் லாரிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. பரிசோதனை அறை உதவியாளரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னதற்காக அல்ல, அனுமதியில்லாமல் மாணவர்களை உள்ளே விட்டதற்காக.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். என்னையும் கூப்பிட்டார்கள். மேசைமேல் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் கிடந்தது. மனுவில் கையெழுத்து மட்டும்தான் உண்டு, முகவரியோ பெற்றோர் பெயரோ கிடையாது. மேசைமேல் இருந்ததில் எல்லாம் இருந்தது. பதினேழாம் எண்ணில் தப்பாக எழுதி அடித்துவிட்டு மேலே திருத்தியிருந்தது. அது என் கையெழுத்து. உனக்கு அனுப்பிய பட்டியலின் நகல். அது எப்படி அங்கே வந்தது?

அக்கா


செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை அறிந்து மிகவும் வருந்துகிறேன். பட்டியல் எப்படிச் சென்றது என்பதை விசாரித்து வருகிறேன். கோப்பு பல மேசைகளுக்குப் போய் வருகிறது, உடனே சொல்ல இயலவில்லை. தாங்கள் இப்போதைக்கு யாரிடமும் எதுவும் பேசாமல் பொறுமையாக இருப்பது நல்லது.

தம்பி


செப்டம்பர் 30

என்னைத் 'தாங்கள்' என்று எழுதியிருந்தாய். அப்போதே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

மழைக்குப் பிறகு ஊரில் மஞ்சள் காமாலை. நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மூன்று தெருக்களில்தான் அதிகம். என் வகுப்பில் ஒன்பது பேர் படுத்தார்கள். எட்டுப் பேர் எழுந்தார்கள். கோல்கீப்பர் எழவில்லை. இருபத்தாறாம் தேதி மத்தியானம், பெரிய ஆஸ்பத்திரியில். ஈரலே போய்விட்டது, கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவன் அம்மாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துப்போக நாங்கள் இரண்டு டீச்சர்தான் இருந்தோம்.

பள்ளியில் ஒரு நிமிட மௌனம் என்றார்கள். அரை நிமிடத்தில் மணி அடித்துவிட்டது.

வரும் வழியில் நகராட்சி வாசலைப் பார்த்தேன். புதுப் பலகை வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் மாதமும் தண்ணீர் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது.

விசாரித்து முடித்துவிட்டாயா?


அக்டோபர் 8

அக்கா,

விசாரிக்க எதுவும் இல்லை. அனுப்பியது நான்.

உன் அறிக்கையை இயக்குநரிடம் வைத்தேன். அவர் ஓரத்தில், 'சம்பந்தப்பட்ட துறையின் கருத்துரை பெறவும்' என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நாற்பது கோப்பில் இப்படி எழுதுவார்கள். நகராட்சிக்கு முகப்புக் கடிதத்தை நான் தயாரித்தேன். கையெழுத்தும் நானே. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. 'மாணவர்களின் அறிக்கை கருத்துரைக்காக இத்துடன் அனுப்பப்படுகிறது.' கீழே, 'இணைப்பு: 1. அறிக்கை. 2. பெயர்ப்பட்டியல்.'

பட்டியலை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். தாளைப் பிரித்துக் கையில்கூட எடுத்தேன். பதிவேட்டில் இணைப்பு இரண்டு என்று ஏற்கெனவே ஏறியிருந்தது. ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொன்று எங்கே என்று கேட்பார்கள், குறிப்பு எழுத வேண்டும், பதிவேட்டைத் திருத்த வேண்டும். திருப்பி வைத்துவிட்டேன். பத்து நிமிட வேலை, அக்கா. அதற்குச் சோம்பல்பட்டேனா, பயந்தேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

லாரி ஓட்டுகிறவரைப் பற்றி நீ எழுதிய கடிதம் அப்போது என் மேசை இழுப்பறைக்குள்தான் இருந்தது.

அந்தப் பையனைப் பற்றிப் படித்துவிட்டு மூன்று நாள் ஆபீசுக்குப் போகவில்லை. ஜுரம் என்று எழுதிக் கொடுத்தேன்.

தம்பி


அக்டோபர் 15

படித்தேன்.

மூன்று நாள் நீ வீட்டில் படுத்திருந்தாய். நான் அந்தப் பையனின் இடத்தைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்தினேன். இனி எழுதாதே.


நவம்பர் 12

அக்கா,

எழுதாதே என்றாய். ஆனால் இது வேறு யார் மூலமாகவாவது உன் காதுக்கு வருவதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது. செயல்முறை அலகை மாற்றிவிட்டார்கள். வரும் வாரம் சுற்றறிக்கை வரும். பிள்ளைகள் இனி 'நல்ல குடிமகன்' என்ற தலைப்பில் படம் வரைந்து வகுப்பில் ஒட்ட வேண்டும். இருபது மதிப்பெண்ணில் மாற்றம் இல்லை. அந்தச் சுற்றறிக்கையை என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். ஒரே மூச்சில் எழுதினேன், ஒரு திருத்தம்கூட விழவில்லை.

இரண்டாவது. மாணவர்களைப் பொது அலுவலகத்துக்கு எதிராகத் தூண்டியதாக உன்மேல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்திருக்கும். 'பழைய அலகின்படி மாணவர்கள் வெளியே சென்று அலுவலரை அணுக வேண்டுமா?' என்று என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். குழுவில் எழுதியவன் நான் என்பதால். இயக்குநர் தன் எதிரிலேயே உட்கார வைத்தார். "யோசிச்சு எழுதுங்க, உங்களுக்கும் பதவி உயர்வுப் பட்டியல் வரப்போகுது" என்றார். 'வகுப்பறைக்குள் செய்யும் பாவனைப் பயிற்சி மட்டுமே கருதப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன்.

நான்கு வருடம் எழுந்து நின்றேன் என்று உனக்கு எழுதியவன்தான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

தம்பி


டிசம்பர் 2

தம்பிக்கு,

என்னை மாற்றிவிட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய பள்ளி. மாமா அங்கே, நான் இங்கே ஓர் அறையில். உத்தரவில் காரணமாக உன் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. உனக்கு எப்போதும் வாக்கியம் நன்றாக வரும்.

கிளம்புவதற்கு முன் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தேன். முப்பத்தெட்டுப் பேருக்கும் இருபதுக்கு இருபது. கோல்கீப்பருக்கும் போட்டேன். மறுநாள் எழுத்தர் திருப்பிக் கொண்டுவந்தார். "டீச்சர், இந்தப் பேரை நீக்கியாச்சு, மார்க் ஏறாது" என்றார். "பேனாவால எழுதினா ஏறும்" என்றேன். அவர் நல்ல மனுஷர், பட்டியலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கோடு போட்டு அடித்தார்.

இதையெல்லாம் சொல்வதற்காக எழுதவில்லை. கேள்விக்குறியைப் பார்த்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் துணி மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் கொட்டகையில் நிற்கிறாள். பன்னிரண்டு மணி நேரம். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பிறகு மேற்பார்வையாளர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். அந்தத் திரும்பல் புதுசு. பள்ளியில் அவள் யாரையும் திரும்பிப் பார்த்துப் பேசியதில்லை.

"அப்பா லேபர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கார் டீச்சர். நான்தான் எழுதிக் குடுத்தேன். தண்ணி மனுவுக்காகத்தான் நீக்கினாங்கன்னு நிரூபிக்கச் சொல்றாங்க. எங்க பேரெல்லாம் நகராட்சிக்கு எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

என்னால் அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. என் தம்பிதான் ஒரு முகப்புக் கடிதத்தோடு அனுப்பினான் என்றேன்.

இரண்டு சட்டை மடித்து முடித்தாள். பிறகு, "அந்த லெட்டர் ஒரு காப்பி கிடைக்குமா? அவர் சீல் போட்டு?" என்றாள்.

விசாரணை ஜனவரி பதினேழு, காலை பதினொரு மணி, தொழிலாளர் அலுவலகம், முதல் மாடி. புது இடத்தில் எனக்கு விடுப்பு மறுத்துவிட்டார்கள், நான் வர முடியாது.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்பது அவள்.

அக்கா


ஜனவரி 19

அக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாதது, என்ன எழுதுவது என்று தெரியாததால். போவேனா மாட்டேனா என்று பதினாறாம் தேதி வரை எனக்கே தெரியாது. அன்று மூன்று மணிக்கு ஆவணக் காப்பறைக்குப் போய், வெளியே எடுக்கும் பதிவேட்டில் என் பெயரைத் தெளிவாக எழுதி, கோப்பை எடுத்தேன். முகப்புக் கடிதத்தையும் பட்டியலையும் நகல் எடுத்து, 'உண்மை நகல்' என்று என் முத்திரையைக் குத்தினேன். என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். "போயிட்டு வாங்க" என்றாள். ரயிலில் சாப்பிட ஏதோ கட்டிக் கொடுத்தாள்.

தொழிலாளர் அலுவலகத் தாழ்வாரத்தில் ஒரு மரப் பெஞ்சு. அவள் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். நீ சொன்ன மாதிரி முதுகு வளைந்தெல்லாம் இல்லை. பை இல்லாததாலோ என்னவோ. போய் நின்று, டீச்சருடைய தம்பி என்றேன். அவள் அப்பா எழுந்து எனக்கு இடம் விட்டார். அக்கா, அந்த மனுஷர் எனக்கு எழுந்து இடம் விட்டார்.

அவள் தாளை வாங்கி முழுக்கப் படித்தாள்.

"கருத்துரைக்காகன்னா என்ன சார்?"

"அவங்க இதைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு கேக்கறது."

"அதுக்கு எங்க வீட்டு அட்ரஸ் எதுக்கு?"

அது தேவையே இல்லை என்று சொன்னேன். சமாளிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். நான் சொன்னதை ஏற்றுக்கொண்டாளா, என்னை இன்ன மாதிரி ஆள் என்று முடிவு கட்டினாளா, தெரியவில்லை.

விசாரணை இருபது நிமிடம். காண்ட்ராக்டரின் ஆள் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: லாரி பழுது, ஓட்டுநர் தேவைப்படவில்லை. நான் சாட்சி சொன்னேன். பட்டியலை அனுப்பியது நான், தேதி இது, அதிலிருந்து பதினாறாம் நாள் இவரை நிறுத்தினார்கள் என்றேன். பிள்ளைகள் வெளியே போய் அலுவலரை அணுக வேண்டும் என்றுதான் அலகு எழுதப்பட்டது, எழுதியவன் நான், நவம்பரில் நான் கொடுத்த விளக்கம் பொய் என்றும் சொன்னேன். அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை என்றார் அலுவலர். சம்பந்தமில்லாவிட்டாலும் பதிவு செய்யுங்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

தோற்றுப்போய்விட்டோம். அவள் அப்பா காண்ட்ராக்டரின் ஆள், நகராட்சியின் ஆள் இல்லை. கடிதம் போனது நகராட்சிக்கு, காண்ட்ராக்டருக்கு அல்ல. இரண்டுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. "தள்ளுபடி, நீங்க போலாம்" என்று அலுவலர் கோப்பை மூடினார். அவள் அப்பா கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

அவள் நகரவில்லை. "எழுத்துல குடுங்க சார்" என்றாள்.

"தபால்ல வரும்மா."

"இன்னைக்கே வேணும் சார். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்தான். தபால் வர்றதுக்குள்ள பாதி போயிடும்."

அவர் என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்திருப்பார். நான் சொல்லவில்லை. முப்பது நாள் என்பது எனக்கே தெரியாது. தட்டச்சு செய்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்தோம். அவர் வந்து, பிறகு மின்சாரம் போய், பிறகு வந்து, ஐந்தரை மணிக்குத் தாள் கைக்கு வந்தது. அந்த நேரத்தில்தான் என் ஆபீசிலிருந்து போன். அனுமதியின்றிக் கோப்பு நகல் எடுத்ததற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தயாராக இருக்கிறது, நாளைக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். சரி என்றேன். வாங்கிவிட்டேன். என்ன ஆகும் என்று பிறகு எழுதுகிறேன். நல்லதாக எதுவும் இருக்காது.

அவள் அந்த இரண்டு பக்கத்தையும் ஜன்னல் பக்கம் போய் நின்று ஒரு வரி விடாமல் படித்தாள். கொட்டகையில் அன்றைய சம்பளம் போனதோடு மறுநாள் உள்ளே விடுவார்களா என்பதே சந்தேகம் என்று அவள் அப்பா என்னிடம் மெதுவாகச் சொன்னார். "வாம்மா, போலாம். முடிஞ்சுபோச்சு" என்று அவளைக் கூப்பிட்டார்.

அவள் திரும்ப உள்ளே போனாள். நாங்களும் பின்னால் போனோம்.

"சார், அப்பா பேரு தப்பா அடிச்சிருக்கு. திருத்திக் குடுங்க."

"ஒரு எழுத்துதானேம்மா."

"மேல இருக்கறவங்க இது வேற ஆள்னு சொல்லிடுவாங்க சார்."

தட்டச்சு செய்கிறவர் மெஷினை மூடியாகிவிட்டது என்றார். அலுவலர் கடிகாரத்தைக் காட்டினார். நாளைக்கு வாருங்கள் என்றார். விளக்கை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார்கள். அவள் தாளை மேசைமேல் விரித்து, தப்பான இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாங்கள் நகரவில்லை.

தம்பி